ஆறு பெட்டிச் சாப்பாடு: ஒன்றரை வருடக் கொப்பியில் இருந்து

அம்மாவின் குசினி அலுமாரியில் ஒரே அளவான பிளாஸ்ரிக் பெட்டிகள் ஆறு இருக்கின்றன. ஒன்றில் மிளகாய்த்தூள், ஒன்றில் கடுகு, ஒன்றில் வெந்தயம். ஒன்றுக்கு மூடி இல்லை. போன வருடம் தையில் இவை ஆறும் என்னுடைய சாப்பாட்டுப் பெட்டிகளாக இருந்தவை.

தைப்பொங்கல் முடிந்த கையோடு ஜிம்முக்குச் சேர்ந்தேன். வயது 33, உயரம் 173 சென்ரிமீற்றர், நிறை 61 கிலோ. சேட்டைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணலாம். அங்கே எங்களுக்குப் பழக்கிவிடுகிற அண்ணை முதல் நாளே சொன்னார்: "தம்பி, உடம்பு எண்டால் அடுப்பு மாதிரி. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா விறகு வைக்கோணும். விட்டால் நூந்துபோம்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நாளே ரவுனுக்குப் போய் ஆறு பெட்டியும், ஒரு சின்ன டிஜிற்றல் தராசும், நூறு பக்கச் சீஆர் கொப்பி ஒன்றும் வாங்கி வந்தேன். அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். தசை வைக்க ஒரு நாளைக்கு எத்தனை தரம் சாப்பிட வேண்டும், நிறை குறைக்க எத்தனை தரம் என்று கேட்கிறவர்களுக்கு என் வீட்டில் நடந்ததைச் சொன்னால் பிரயோசனமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டையும் செய்து பார்த்தேன், இரண்டிலும் பிழை விட்டேன்.

இரண்டு மணித்தியாலக் கணக்கு அலுவலகம் போகிறவனுக்குச் சரிவராது. மூன்றாக மாற்றினேன்: காலை 6.30, 9.30, பகல் 12.30, 3.30, பின்னேரம் 6.30, இரவு 9.30. புரதத்துக்கு ஒரு நல்ல கணக்குக் கிடைத்தது. 2018இல் கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்து மோர்ட்டன் குழுவினர் 49 ஆய்வுகளை, மொத்தம் 1,863 பேரை, ஒன்றாக எடுத்துப் பார்த்தார்கள். எடைப் பயிற்சி செய்கிறவருக்கு உடல் நிறையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் அளவில் பலன் தட்டையாகிவிடுகிறது என்று கண்டார்கள். 61 கிலோவுக்கு அது 98 கிராம் வரும். நான் 100 என்று வைத்துக்கொண்டேன். ஆறால் பிரித்தால் பெட்டிக்கு ஏறக்குறைய 17 கிராம். கலோரி 2,700. தாளில் எல்லாம் அழகாக வந்தது.

குசினியில் அப்படி வரவில்லை. கோண்டாவிலில் இருந்து நான் ஏழேகாலுக்கு மோட்டார் சைக்கிளை எடுக்க வேண்டும். அதற்குள் நான்கு பெட்டி நிரம்ப வேண்டும் என்றால் அம்மா நாலரைக்கு எழும்ப வேண்டும். மூன்றாம் நாள் தேங்காய் துருவிக்கொண்டு நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

"நான் என்ன தம்பி, சாப்பாட்டுக்கடையே நடத்துறன்?"

அதற்குப் பிறகு முட்டையை நானே முதல் நாள் இரவு அவித்துவைத்தேன். அதிலும் பிரச்சினைதான். ஒன்பதரைக்கு அலுவலகத்தில் பெட்டியைத் திறந்தால் பக்கத்து மேசை அக்கா மூக்கைப் பொத்துவார். "தம்பி, உந்தப் பெட்டியை வெளியில கொண்டுபோய்த் திறவுங்கோவன்." பிறகு விறாந்தையில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். 3.30 பெட்டி கிழமையில் இரண்டு நாளாவது திறக்கப்படாமலே வீட்டுக்கு வந்தது. அந்த நேரம்தான் எங்கள் அலுவலகத்தில் கோப்புகள் நகரும்.

திறந்த நாட்களில் ஒருநாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். காலை ஐந்து மணிக்கு இறக்கிய தேங்காய்ப்பால் கோழிக்கறி. பெட்டியில் அடைத்து, வெயிலில் நின்ற சைக்கிளின் பின்பெட்டிக்குள்ளேயே மறந்து விட்டுவிட்டேன். நாலு மணிக்குத் திறந்தபோது மெல்லிய புளிப்பு மணம். நாலாம் பெட்டியைத் தவறவிட்டால் அடுப்பு நூர்ந்துவிடுமே என்ற பயத்தில் சாப்பிட்டேன். இரண்டு நாள் லீவு. சமைத்ததை நான்கு மணித்தியாலத்துக்கு மேல் சூட்டில் வைத்தால் கிருமி பெருகும் என்பது சின்ன வகுப்புச் சுகாதாரப் பாடம். யாழ்ப்பாணத்து வெயிலில் பால்கறிக்கு அந்த நான்கு மணித்தியாலமும் கூடுதல். பெட்டிகளின் எண்ணிக்கை கூடக் கூட, ஏதாவது ஒன்று சூட்டில் கிடக்கிற நேரமும் கூடும். ஜிம்மில் இதை எவரும் சொல்லுவதில்லை. ஆறு நேரச் சாப்பாட்டின் படங்களில் எல்லாம் பிரிட்ஜும் மைக்ரோவேவும் பின்னால் நிற்கும்.

ஆறு கிழமை முடிந்தது. ஒவ்வொரு நாளும் காலையில், மலசலம் கழித்த பிறகு, சாப்பிட முன்பு நிறை பார்த்து, ஏழு நாளுக்குச் சராசரி எடுத்தேன். ஒருநாள் நிறையை நம்பக்கூடாது. உப்புக் கூடின கருவாட்டுக் கறி ஒன்றே அடுத்த நாள் முள்ளை ஒரு கிலோவால் ஏற்றும், எல்லாம் தண்ணீர். சராசரி 61.0இல் இருந்து 61.3க்கு வந்திருந்தது. 2,700 கலோரி சாப்பிடுகிற 61 கிலோக்காரனுக்கு ஆறு கிழமையில் 300 கிராம் என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

அண்ணையிடம் கேட்டேன். "ஏழாக்கிப் பார் தம்பி" என்றார்.

ஏழாம் பெட்டி வாங்கப் போகாமல் தராசை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனது நான் செய்த ஒரே புத்தியான வேலை. ஒரு ஞாயிறு காலை. அம்மா வழக்கம் போலப் புட்டு அவிக்கிறார். வறுத்த அரிசிமாவைக் குழைக்க முன்பு நிறுத்தேன்: 500 கிராம். தேங்காய்ப்பூ 200 கிராம். கொதிதண்ணீர் விட்டுக் குழைத்து, பேணியால் கொத்தி, தேங்காய்ப்பூவைக் கலந்து, நீத்துப்பெட்டியில் அவித்து இறக்கியதும் ஆவி பறக்கப் பறக்க முழுவதையும் மறுபடி நிறுத்தேன். 1,050 கிராம்.

அங்கே விளங்கிவிட்டது. கூடின 350 கிராமும் தண்ணீர். மா 100 கிராமுக்கு ஏறக்குறைய 360 கலோரி, தேங்காய்ப்பூவுக்கு 350. எல்லாம் கூட்டி 1,050ஆல் பிரித்தால் அவித்த புட்டு 100 கிராமுக்கு 240 கலோரிகூட இல்லை. நானோ ஆறு கிழமையும் 250 கிராம் புட்டைக் கோப்பையில், அதாவது சாப்பாட்டுத் தட்டில், நிறுத்துவிட்டு, கொப்பியில் 250 கிராம் அரிசிமா என்று கணக்குப் போட்டிருக்கிறேன். 900 கலோரி என்று எழுதினது உண்மையில் 600. புரதம் 18 என்று எழுதினது 10. 2,700 என்று நினைத்த நாள் 2,400 அளவில்தான் முடிந்திருக்கிறது. என் உடம்பு இருக்கிற இடத்தில் இருக்கவே அது சரி.

பச்சையாக நிறுத்தால் பச்சைக் கணக்கு, சமைத்து நிறுத்தால் சமைத்த கணக்கு. கொப்பியின் முன்மட்டையில் சிவப்புப் பேனையால் இதை எழுதி வைத்தேன். சோறு, பருப்பு, சோயா எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 100 கிராம் சோற்றில் 130 கலோரி, 100 கிராம் அரிசியில் 350க்கு மேல்.

பெட்டி எண்ணிக்கையில் பிழை இல்லை என்று தெரிந்த பிறகு, ஜிம்முக்குப் போக முன்பு என் கோப்பையில் என்ன இருந்தது என்பதையும் ஒருநாள் நேர்மையாக எழுதிப் பார்த்தேன். காலை புட்டும் சம்பலும் சொதியும்: புரதம் 10 கிராம். பகல் சோறு, பருப்பு, இரண்டு துண்டு பாரை மீன், ஒரு வறை: 36. இரவு இடியப்பம், சொதி, சம்பல்: 9. மொத்தம் 55. அந்த மூன்று எண்களையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். எங்கள் வீட்டுப் பகல் கோப்பையில் ஒரு குறையும் இல்லை. காலையிலும் இரவிலும்தான் வெறும் மாவும் தேங்காயும். இதை ஆறாக வெட்டினாலும் பன்னிரண்டாக வெட்டினாலும் மாவும் தேங்காயும்தான் துண்டு துண்டாக வரும். யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒருவன் நிறை வைக்கவில்லை என்று சொன்னால், எத்தனை நேரம் சாப்பிடுகிறாய் என்று நான் இப்போது கேட்பதில்லை. காலைச் சாப்பாட்டுக்கு என்ன கறி என்றுதான் கேட்பேன்.

அடுப்புக் கதைக்கும் வருவோம். சாப்பாட்டைச் செரிக்கவே உடம்பு கொஞ்சச் சக்தியைச் செலவழிக்கும் என்பது உண்மை. புரதம் என்றால் அதன் கலோரியில் 20 முதல் 30 வீதம், மாச்சத்து என்றால் 5 முதல் 10, கொழுப்பு என்றால் 3க்குள். கலந்த சாப்பாட்டில் ஏறக்குறைய 10 வீதம். ஆனால் அது சாப்பிட்ட அளவின் வீதம், சாப்பிட்ட தடவையின் வீதம் இல்லை. 2,400 கலோரியை ஆறாகச் சாப்பிட்டால் 40 படி ஆறு தரம், 240. மூன்றாகச் சாப்பிட்டால் 80 படி மூன்று தரம், அதே 240. விறகு ஒரு கட்டுத்தான். அடுப்பு நூருவதும் இல்லை. நித்திரையில் எட்டு மணித்தியாலம் எவரும் விறகு வைப்பதில்லை, விடிய உடம்பு சூடாகத்தானே இருக்கிறது. அண்ணையிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நீ கணக்குப் பாடம் படிச்சனியோ?" என்றார்.

தசை விசயத்தில் மட்டும் தடவைக்குக் கொஞ்சம் பெறுமதி இருக்கிறது. 2013இல் அரேற்றாவும் கூட்டாளிகளும் பயிற்சி பெற்ற 24 ஆண்களுக்கு, எடைப் பயிற்சிக்குப் பிறகு, 12 மணித்தியாலத்தில் 80 கிராம் மோர்ப்புரதம் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு 10 கிராம் படி எட்டுத் தரம், இன்னொன்றுக்கு 20 படி நாலு தரம், மற்றதற்கு 40 படி இரண்டு தரம். தசையில் புரதம் கட்டப்படும் வேகம் நாலு தரக்காரருக்கே கூட. எட்டுத் தரக்காரருக்குத் துளித் துளியாகக் கிடைத்ததால் பெரிய தூண்டல் வரவில்லை. என் 17 கிராம் பெட்டிகளுக்கு, அதுவும் பாதி அரிசிப் புரதம், இது நல்ல அடி. ஆனால் இதையே பிடித்துக்கொண்டு "ஒரு நேரத்தில் 20 கிராமுக்கு மேல் வீண்" என்று ஜிம்மில் சொல்லுவார்கள், அதுவும் சரியில்லை. 2023இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் திரொமெலன் குழுவினர் ஒரே இருப்பில் 100 கிராம் பால்புரதம் கொடுத்துப் பார்த்தார்கள். 25 கிராம் குடித்தவர்களை விடத் தூண்டல் பெரிதாகவும், 12 மணித்தியாலத்துக்கு மேலும் நீண்டு நின்றது. உடம்பு கொட்டிவிடுவதில்லை, மெதுவாக எடுத்துக்கொள்ளும். ஆகவே மூன்று, நாலு, ஐந்து என்பதில் உயிர் போகிற வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தரமும் 25 கிராம் அளவுக்கு வரட்டும், நாள் முடிய மொத்தம் வரட்டும், அது போதும்.

பங்குனியில் பெட்டிகளை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நாலு நேரத்துக்கு மாறினேன். காலை ஏழு மணிக்குப் புட்டு 250 கிராம், மூன்று முட்டை. முட்டைக்கு 6 கிராம் படி 18, புட்டோடு 28. முட்டையைச் சொதியிலேயே உடைத்து ஊற்றச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கும் வேலை இல்லை, எனக்கும் அவித்த முட்டை தொண்டையில் அடைக்கவில்லை. பகலில் லஞ்ச் சீற்றில் கட்டின சோறு 400 கிராம், மீன், பருப்பு, ஒரு மரக்கறி. மீன் துண்டு இரண்டு மூன்றானதுதான் மாற்றம், அதோடு 46. கறிகளுக்குத் தேங்காய்ப்பாலைக் குறைத்து, குழம்பாக இல்லாமல் பிரட்டலாக வைத்ததால் பன்னிரண்டரைக்கும் நல்லாகவே இருந்தது. பின்னேரம் ஐந்தரைக்கு, ஜிம்முக்குப் போக முன்பு, 40 கிராம் பால்மாவைக் கரைத்து இரண்டு கதலி வாழைப்பழம்: 12. இரவு எட்டரைக்கு இடியப்பமும் சொதியும், அதோடு பகல் மீனில் எடுத்துவைத்த துண்டு அல்லது அவித்த கடலையும் முட்டையும்: 27. கூட்டினால் 113 கிராம், 2,700 கலோரி. இந்த முறை உண்மையான 2,700.

புரதப் பவுடர் வாங்கவில்லை. அந்தக் காசுக்குக் குருநகர் மீன் எத்தனை கிலோ வரும் என்று பார்த்தேன், மனம் வரவில்லை. வாங்குகிறவர்கள் வாங்கட்டும், பால்மாவை விட அதில் புரதம் மும்மடங்கு. எனக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

நிறை ஏறத் தொடங்கியது. மாதத்துக்கு ஒரு கிலோவுக்குக் கிட்ட. ஆவணியில் 66. ஐப்பசியில் 68. பாரம் தூக்குவதும் ஏறியது, ஆகவே எல்லாமே கொழுப்பு இல்லை. ஆனால் நிறுத்த வேண்டிய இடத்தில் நான் நிறுத்தவில்லை. மார்கழியில் இரண்டு கலியாணவீடு, பிறகு நத்தார் கேக், பிறகு பொங்கல், பலகாரப் பெட்டியில் பயத்தம் பணியாரம். அடுத்த தையில் 70.2 கிலோ. இடுப்பு 80 சென்ரிமீற்றரில் இருந்து 89. பழைய காற்சட்டை எதுவும் பூட்டவில்லை. அம்மாவுக்கு மட்டும் சந்தோசம். "இப்பதான் மனிசன் மாதிரி இருக்கிறாய்."

வைகாசியில் குறைக்கத் தொடங்கினேன். 1,900 கலோரி, 110 கிராம் புரதம். இந்த முறை ஒரு விசயத்தைச் சரியாகச் செய்து பார்க்க ஆசை வந்தது: முதல் நாலு கிழமை ஆறு நேரம், அடுத்த நாலு கிழமை மூன்று நேரம். கலோரியும் புரதமும் ஜிம்மும் மாறாது. ஒவ்வொரு இரவும் அன்றைய பசிக்கு 1 முதல் 5 வரை ஒரு புள்ளி. அலுமாரியில் இருந்து பெட்டிகளைத் திரும்ப எடுத்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டார்.

1,900ஐ ஆறாகப் பிரித்தால் ஒரு பெட்டி 315 கலோரி. அது எவ்வளவு என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு கைப்பிடிப் புட்டு, அதாவது 70 கிராம், ஒரு முட்டை, ஒரு கரண்டிக் கடலை. வாய் சூடாக முன்பே முடிந்துவிடும். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பசியைத் தட்டி எழுப்பி, ஒரு வாய் காட்டிவிட்டுத் திரும்பப் படு என்று சொல்லுகிற மாதிரி. இரண்டாம் கிழமையில் இருந்து எப்போதும் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். கோப்பில் கையெழுத்து வைக்கும்போதும் 3.30க்கு இன்னும் எத்தனை நிமிசம் என்பதுதான் மண்டைக்குள். பசிப் புள்ளிச் சராசரி 3.9.

மூன்று நேரத்துக்கு மாறியதும் கோப்பை கோப்பையாக இருந்தது. 600 கலோரி படி மூன்று, மிச்ச 100 சீனியில்லாப் பால் தேத்தண்ணிக்கு. பகலில் 200 கிராம் சோறு, பெரிய துண்டு மீன், பருப்பு, முருங்கையிலை வறை குவியலாக. சாப்பிட்டு எழும்பினால் சாப்பிட்ட உணர்வு இருந்தது. முதல் நாலு நாள் பத்தரை மணிக்கும் நாலரை மணிக்கும் வயிறு கூப்பிட்டது, பழக்க தோசம். பிறகு அதுவும் அடங்கியது. பசிப் புள்ளி 2.4.

நிறை? ஆறு நேரத்து நாலு கிழமையில் 1.6 கிலோ குறைந்தது. மூன்று நேரத்து நாலு கிழமையில் 1.7. நூறு கிராம் வித்தியாசத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது, அது அரைக் கப் தண்ணீர். 2010இல் கனடாவின் ஒட்டாவாவில் கமரொன் குழுவினர் பருமனான 16 பேரை எட்டுக் கிழமை வைத்துச் செய்த சோதனையும் இதுதான்: ஒரு கூட்டத்துக்கு மூன்று சாப்பாடு, மற்றதற்கு மூன்று சாப்பாடும் மூன்று சின்னத் தீனியும், கலோரிக் குறைப்பு ஒரே அளவு. நிறை குறைந்ததில் வித்தியாசம் இல்லை. எனக்கு வந்த பெரிய வித்தியாசம் மனசில்தான். பத்து வருடம் பழகின நண்பன் ஒருவனுக்கு நேர்மாறு. நிறையச் சாப்பிட்டால் அவனுக்குக் கண் சொருகும், சின்னச் சின்னதாகச் சாப்பிட்டால்தான் கட்டுப்பாடு வரும். அவன் ஐந்து நேரம் சாப்பிட்டே ஆறு கிலோ குறைத்தான். ஜிம்மில் 95 கிலோக்காரர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு 3,500 கலோரி வேண்டும். அதை மூன்று கோப்பையில் அடைத்தால் மனிசன் எழும்பி நடக்க மாட்டார். அவருக்கு ஆறு நேரம் சரிதான்.

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னேன் என்று இருக்கக்கூடாது. 1996இல் ஜப்பானியக் குத்துச்சண்டை வீரர்களை நாளுக்கு 1,200 கலோரியில் இரண்டு கிழமை வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. ஆறு நேரம் சாப்பிட்டவர்களை விட இரண்டு நேரம் சாப்பிட்டவர்கள் கொழுப்பில்லாத உடல் நிறையை, அதாவது தசையும் சேர்ந்த பங்கை, கூட இழந்தார்கள். அது கடும் பட்டினிக் கணக்கு. 1,900 கலோரியும் 110 கிராம் புரதமும் சாப்பிடுகிறவனுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் அதை வாசித்த பிறகு நான் இரண்டு நேரத்துக்கு இறங்கவில்லை. பயம் நல்லது.

குறைக்கிற காலத்தில் என்னை உண்மையாக ஏமாற்றியது வேறொன்று. தேத்தண்ணி. முதல் கிழமையில் ஒரு கிராமும் குறையாததால் திரும்பத் தராசோடு குசினிக்குப் போனேன். அம்மா சீனி போடுகிற கரண்டியைக் குவித்தபடியே நிறுத்தால் 7 கிராம். ஒரு கப்புக்கு இரண்டு கரண்டி. வீட்டில் இரண்டு, அலுவலகத்தில் இரண்டு, ஜிம்மால் வந்து ஒன்று. ஐந்து கப்பில் 70 கிராம் சீனி, 280 கலோரி. ஒரு பெட்டிச் சாப்பாடு. கொப்பியில் அது எங்கேயும் இல்லை, ஏனென்றால் தேத்தண்ணியை நாங்கள் சாப்பாடு என்று நினைப்பதே இல்லை. எத்தனை நேரம் சாப்பிடுகிறாய் என்று கேட்டால் மூன்று என்போம். வாயைத் திறந்தது எட்டுத் தரமாக இருக்கும். பத்து மணிக்குத் தேத்தண்ணியோடு வருகிற றோல்சையும் வடையையும் இந்தக் கணக்கில் நான் இன்னும் சேர்க்கவில்லை.

ஆடி அமாவாசை கழிய நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியது. எங்கள் வீட்டில் திருவிழா நடக்கிற 25 நாளும் மச்சம், அதாவது மீன் இறைச்சி, இல்லை, மச்சச் சட்டிகள் எல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. முட்டையும் இல்லை. வெள்ளி, செவ்வாய் மரக்கறி நாட்களை எப்படியோ ஒப்பேற்றுகிற எனக்கு 25 நாள் பெரிய சோதனை. தடவையைக் கூட்டுவோமா என்று ஒரு கணம் யோசித்தேன். மரக்கறிச் சாப்பாட்டில் புரதம் ஐதாக இருப்பதால் மூன்று கோப்பைக்குள் 110 கிராமை அடைக்க முடியவில்லை. கடைசியில் இலக்கை 100க்கு இறக்கி, மூன்றை நாலாக்கினேன்.

சோயாமீற், அதாவது இறைச்சி மாதிரி இருக்கிற காய்ந்த சோயாத் துண்டு, கைகொடுத்தது. காய்ந்ததாக 50 கிராம் நிறுத்தால் 25 கிராம் புரதம். ஊறினால் மூன்று மடங்காகும், பழைய புட்டுப் பிழையை இங்கேயும் விடலாம், ஆகவே காய்ந்தபடியே நிறுக்க வேண்டும். உப்புப் போட்ட சுடுதண்ணீரில் பத்து நிமிசம் ஊறவிட்டு, கையால் இறுக்கிப் பிழிந்து, இன்னொரு தண்ணீரில் அலசித் திரும்பப் பிழிந்தால்தான் அந்தப் பச்சை மணம் போகும். பிறகு பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துப் பிரட்டல். அம்மா முதல் நாள் மணந்து பார்த்துவிட்டு, "இது மச்சம் மாதிரி இருக்கு, கோயில் நாளிலை வேண்டாம்" என்றார். பைக்கற்றை எடுத்து வாசித்துக் காட்ட வேண்டியதாகிவிட்டது. மற்றது பயறு. முதல் நாள் இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு அவித்தது, காய்ந்த கணக்கில் 60 கிராமுக்கு 14 கிராம் புரதம். காலையில் புட்டோடு அதுதான். ஊறின தண்ணீரிலேயே அவித்த முதல் இரண்டு நாளும் வயிறு ஊதிப்போய், மாலைப் பூசைக்கு நின்ற சனத்துக்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பகலுக்குப் பருப்பும் சோயாவும், பின்னேரம் பால்மா, இரவுக்குக் கௌபியும் சட்டித் தயிரும். தீர்த்தத்துக்கு அடுத்த நாள் நிறை பார்த்தேன்: 65.8. இடுப்பு 82. பழைய காற்சட்டை பூட்டியது.

அம்மாவைப் பற்றியும் ஒன்று எழுத வேண்டும், ஏனென்றால் இந்தக் கொப்பியைக் காட்டி அவரைக் கெடுக்கப் பார்த்தேன். அவருக்குச் சீனி வருத்தம், குளிசை எடுக்கிறார். மூன்று நேரம் நல்லது என்று நான் பிரசங்கம் செய்ததைக் கேட்டு, பத்து மணிக்குச் சாப்பிடுகிற இரண்டு கிறீம்கிறாக்கரையும் அவர் நிறுத்திவிட்டார். நாலாம் நாள் பதினொரு மணிக்குக் கை நடுங்கி வியர்த்துக் கொட்டிவிட்டது. அடுத்த கிளினிக்கில் டொக்டர் என்னைப் பார்த்துத்தான் கதைத்தார். சில குளிசைகளுக்கும் இன்சுலினுக்கும் சாப்பாட்டு நேரம் மருந்தோடு கட்டுப்பட்டது, நினைத்தபாட்டில் மாற்றினால் சீனி கீழே இறங்கிவிடும். கந்த சட்டிக்கு ஆறு நாளும் ஒரு நேரம் சாப்பிட்டு விரதம் இருந்த மனிசி அவர், அதையும் இப்போது டொக்டரிடம் கேட்டுத்தான். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் என் புரதக் கணக்கைப் பார்த்துப் பின்பற்ற வேண்டாம், அவர்களுக்கு அளவு வேறு.

இப்போது நிறை 66இல் நிற்கிறது. மூன்று நேரம் சாப்பிடுகிறேன், ஜிம் நாட்களில் பின்னேரப் பால் சேர்த்து நாலு. புட்டை இப்போது நிறுப்பதில்லை, கண்ணே நிறுத்துவிடுகிறது. தராசை அம்மா பலகாரத்துக்கு மா நிறுக்க எடுத்துக்கொண்டார். இன்னும் சரிவராதது வெள்ளிக்கிழமை இரவுதான். அன்று மச்சம் இல்லாததால் எல்லாவற்றையும் கூட்டினாலும் நாளின் புரதம் 80 கிராமைத் தாண்டுவதில்லை. போன கிழமை இடியப்பத்துக்குப் பதிலாக, அரிசியைக் குறைத்து உழுந்தைக் கூட்டித் தோசைக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று தோசைக்குக் காய்ந்த உழுந்து 70 கிராம், 17 கிராம் புரதம். கல்லில் ஒட்டிப் பிடித்துக்கொண்டது. வருகிற வெள்ளி 60 கிராம் போட்டுப் பார்க்க வேண்டும்.